பின்கதவு சாத்திய சத்தம்

விடிகாலை நாலரை மணி. கோட்டூர்புரம் பாலத்தை நோக்கிப் போகும் ஆற்றோரத் தெரு. மழை விட்டிருந்தது; மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு நாய்கூட இல்லை...

நம் சேட்டு இருக்கிறானே, அவனுடைய மாமா செம்பியனுக்கு நடந்தது இது. கேட்டால் சேட்டு எழுந்து போய்விடுவான். அதனால் அவன் இல்லாதபோது சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

சர்க்கரையில் செம்பியனுக்கு இடது பாதம் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டி. முன்னால் யார் வைத்திருந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். மனைவி தேவானைக்கு இரண்டு சிறுநீரகமும் செத்துவிட்டன, தி.நகர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடிவதற்குள் போய்ப் படுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. ஒருமுறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால்... டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்த வண்டியில்தான் கியர் சிக்க ஆரம்பித்தது.

'பார்க்'கில் நிற்கும் லீவர் பிரேக்கை மிதித்தால்தான் நகரும். உள்ளே சின்னப் பூட்டு ஒன்று உண்டு. செம்பியன் மிதிப்பார். லீவர் அசையாது. மயிலாப்பூரில் மெக்கானிக் அமீனிடம் தனியாகக் கொண்டுபோனால் வெண்ணெய் போல நகரும். பின்சீட்டில் தேவானை ஏறினால் சிக்கும்.

"இன்னா மாமா, அத்தைக்கும் வண்டிக்கும் வாய்க்கா தகராறா?" என்று அமீன் கிண்டலடித்தான். பிரேக் லைட் சுவிட்சை மாற்றினான். ஒயர்களைத் தடவிப் பார்த்தான். டீ கொட்டியிருந்தால் அடியில் பிசுபிசுத்துச் சிக்கும் என்று லீவரைச் சுற்றிய மூடியைக் கழற்றினான். டீ இல்லை. சேறு. கருப்பாக, ஈரமாக, ஆற்று நாற்றத்தோடு. மழையே இல்லாத மாதம் அது. துடைத்தெடுத்தான். மறுவாரம் திறந்தபோது மறுபடியும் இருந்தது.

அதற்குப் பிறகு அமீன் கிண்டலடிக்கவில்லை. லீவரின் ஓரத்தில் நகம் அளவு ஓட்டை ஒன்றைக் காட்டினான். சாவியை விட்டு அழுத்தினால் பூட்டு விட்டுக்கொடுக்கும். "வழியில பார்க்ல மட்டும் போட்டுடாதே மாமா. நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துக்கோ. மறுபடி மாட்டிக்கினா எனக்குத் தெரியாது."

பீரோ சாவியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு ஒருநாள் சாவிக்கும் மசியவில்லை. அடைமழை, ஆட்டோ வரவில்லை. அந்த முறை தவறியது. தேவானையின் கால்கள் வீங்கின.

அடுத்த முறைக்கு உரிய விடிகாலைதான் இது. தேவானை மாடியில் வீட்டைப் பூட்டிக்கொண்டிருக்க, செம்பியன் முன்னால் இறங்கி வந்து சாவியை அழுத்தினார். லீவர் வரவில்லை. சிக்கிய பொருள் அப்படியே நிற்கும், இல்லையா? இது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது... பிறகு இழுத்துக்கொண்டது.

பின்கதவு திறந்தது. சீட் அமுங்கியது. டப்... கதவு சாத்தியது.

அந்த நொடியில் லீவர் வழுக்கிக்கொண்டு 'டிரைவ்'வுக்குப் போனது.

இனி நிறுத்தினால் மறுபடி சிக்கிவிடும் என்ற பயம் அவருக்கு. கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கும் பழக்கமும் இல்லை. எடுத்துவிட்டார். பாலத்தின்மேல் போகும்போது ஆற்று நாற்றம் அடித்தது. கண்ணாடியை ஏற்றினார். நாற்றம் குறையவில்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டார். சொட்... சொட்... என்று ஏதோ சொட்டியது. நனைந்த புடவையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. முக்காடு போட்ட தலை ஒன்று பின்பார்வைக் கண்ணாடியில் நகர்ந்து மறைந்தது. பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடிக்க, அவசரமாக ஓரம்கட்டினார். அவசரத்தில் கை தானாக 'பார்க்'கில் போட்டது.

போன் அடித்தது. தேவானை.

"இன்னாய்யா, என்னை உட்டுட்டுப் போய்ட்ட?" மூச்சு வாங்கியது. "கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன். பின்னாலேர்ந்து கூப்ட்டா போற காரியம் வெளங்காதுன்னு வாயை மூடிக்கினேன். நீயே திரும்பி வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

செம்பியன் ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே வார்டுக்கு விரைந்தார். நர்ஸ் சுலோச்சனா வாசலில் நிறுத்தினாள். அம்மாவைப் படுக்கவைத்து ஊசி ஏற்றியாகிவிட்டது என்றாள். அது தன் மனைவி இல்லை என்றார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாதான், தூக்கம் இல்லாமல் உளறுகிறீர்கள் என்றாள். அவரும் பார்த்தார். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. குழாயில் ஓடிய திரவம் சிவப்பாக இல்லை.

வண்டிக்குத் திரும்பினார். லீவர் அசையவில்லை. பீரோ சாவி ஓட்டைக்குள்ளேயே முறிந்தது. ஆட்டோ பிடித்து வீடு சேர்ந்தபோது தேவானை படிக்கட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கெங்கோ கேட்டார்கள். எங்கும் படுக்கை காலியில்லை. சாயங்காலம்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தது. அமீன் வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டுக்குக் கீழே தெருவோரத்தில் விட்டான். பேட்டரியைக் கழற்றித் தன் ஷெட்டுக்கு எடுத்துப் போனான். இனி இது யாரையும் எங்கும் கொண்டுபோகாது என்றான்.

அதற்கடுத்த வாரம். இருட்டுப் பிரியவில்லை. நல்ல மழை. செம்பியன் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. சுலோச்சனா.

"அண்ணா, அம்மாவை ஏத்திட்டோம். நீங்க வண்டிய வாசல்லயே உட்டுட்டுப் போய்ட்டீங்க, ஆம்புலன்ஸ் நிக்குது. கொஞ்சம் எடுத்துடுங்கண்ணா."

அவர் ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தார். வண்டி இல்லை.

அவ்வளவு மழையிலும்... அது நின்ற இடம் மட்டும் இன்னும் நனையவில்லை.