குதிரையில் பழுதில்லை

கல்கத்தாவில் மழைக்காலம் வந்தால் மரம் ஊதிவிடும். இந்த வீட்டுக் குளியலறைக் கதவு ஜூலையில் சாத்தாது, டிசம்பரில் தானாகத் திறந்துகொள்ளும். அதற்காக நான் தச்சனோடு சண்டைக்குப் போனதில்லை. உன் அப்பாவின் டபுள் பாஸும் இதே ஊரில், இதே ஈரக்காற்றில்தான் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேள், அனு. காபியைக் குடித்துக்கொண்டே கேட்கலாம்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் என் வாயால் பேச வேண்டும் என்று கேட்கிறாய். யார் சொன்னாலும் நம்பாதவர் நான் சொன்னால் நம்புவார் என்கிறாய். அது சரிதான். ஆனால் என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால், உனக்கே என் நிலைமை புரியும் என்று நினைக்கிறேன்.

உன் அப்பா, எனக்கு ஜம்பு அண்ணா, பகலில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் பார்க் ஸ்ட்ரீட்டில் எங்கள் ரெஸ்டாரண்ட் மேடையில், ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நிற்பார். காரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்தவர். அங்கே இன்ஸ்டிட்யூட்டில் நடனத்துக்கு வாசித்த ஆங்கிலோ இந்தியர்களிடம் கற்றுக்கொண்டது. வயலினில் இருப்பது போலத்தான், டபுள் பாஸிலும் விரல் வைக்கும் இடத்துக்கு அடையாளக் கட்டை எதுவும் கிடையாது. காது எங்கே நிறுத்தச் சொல்கிறதோ அங்கே விரல் நிற்கும். அவருக்கு அப்படி ஒரு காது. நான் பகலில் டெலிபோன் டெக்னீஷியன், சாயங்காலம் அதே ரெஸ்டாரண்டில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து ஒலியைப் பார்த்துக்கொள்பவன். தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்த பழக்கம்.

டபுள் பாஸுக்குக் கனத்த குரல்தான், ஆனால் தூரம் போகாது. பக்கத்தில் டிரம்ஸ் அடித்தால் வாசிக்கிறவருக்கே கேட்காது. அதனால்தான் பிக்கப். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை நம் வீணைக்குச் சொல்வது போலக் குதிரை என்றே நாங்கள் இருவரும் சொல்வோம். அந்தக் குதிரையின் இடுக்கில் எட்டணாக் காசு மாதிரி ஒரு வில்லையைச் செருகி, மெல்லிய வயர் ஒன்றை இழுத்து ஆம்ப்பில் கொடுக்க வேண்டும். மரத்தின் அதிர்வை வில்லை மின்சாரமாக மாற்றிக் கொடுக்கும். அதற்கு மனசு இருந்தால் கொடுக்கும்.

மழையில் மரம் ஊதி வில்லையை நெரிக்கும், சளி பிடித்தவர் பேசுவது போல ஒலி வரும். பனிக்காலத்தில் இடுக்கு அகன்று வில்லை ஆடத் தொடங்கும். சால்டர் வைத்த இடத்தில் வயர் விட்டுப்போகும். அதுவும் ஒரேயடியாகப் போய்த் தொலையாது, போவதும் வருவதுமாக உயிரை வாங்கும். விளக்கை மங்கலாக்கினால் உர்ரென்று இரையும். கொஞ்சம் ஒலியைக் கூட்டினால் ஊளையிடும். அந்த நாட்களில் அப்படி ஒன்றை நம்பி மேடை ஏறுகிறவருக்கு நிஜமாகவே தைரியம் வேண்டும்.

ஒரு துர்கா பூஜை சமயம், சப்தமி சாயங்காலம். உட்கார இடமில்லாமல் ஜனம் சுவரோரம் நிற்கிறது. மற்றவர்கள் வாசிப்பதை நிறுத்தி அண்ணாவைத் தனியாக வாசிக்க விட்டார்கள், அந்த நேரம் பார்த்து பிக்கப் செத்துப்போயிற்று. விரல்கள் ஓடுகின்றன, ஒலி இல்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தண்ணீரில் விழுந்தவன் கரையில் நிற்பவனைப் பார்க்கும் பார்வை. நான் ஓடிப்போய் மண்டியிட்டு வயரைப் பிடித்தேன். விரலால் அழுத்திப் பிடித்தால் ஒலி வந்தது. அந்தப் பாட்டு முடியும் வரை அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதன் பிறகு, முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு தந்தியைத் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் ஆரம்பிப்பார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பாடு. உன் அம்மா சுலோசனா, என் பெயரைச் சுருக்கி, "சீதா இல்லேன்னா எங்காத்து மனுஷர் ஊமை" என்று கேலி செய்வார். நீயும் சேர்ந்து சிரிப்பாய். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத எனக்கு அது போதும் என்றிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் பியானோ வாசிக்கும் தேபு தா சிங்கப்பூர் போய் வந்தார். ஆசையாக அண்ணாவுக்கு ஒரு புதுப் பிக்கப் வாங்கி வந்தார். குதிரையோடு சேர்த்துக் கடைந்து, வயரை மரத்துக்குள்ளேயே ஓட்டியிருந்தார்கள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அது கெடாது. நான்தான் பொருத்தினேன், ஒழுங்காகவே பொருத்தினேன். என் தொழிலில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

அந்த மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவெல்லாம் ஊதிற்று, அது ஊதவில்லை. இரையவில்லை, ஊளையிடவில்லை. அண்ணா நேராக நின்று, தந்தியைத் தட்டி, திரும்பிப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பல் வலி போனவர் பல் டாக்டரை நினைப்பாரா? மற்ற பாண்டுகளில் கூப்பிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இருப்பதில்லை. தில்லியில் போய் வாசித்துவிட்டு வந்து சொன்னார்: "மிக்ஸர்ல யாரோ ஒரு பையன், சீதா. ஒரு பிரச்னையும் வரல்லே. அங்கேயே வந்துடுங்கோன்னு கூப்பிடறா." எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் அவரைத் தடுக்க நினைக்கவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பிக்கப்பைக் கெடுக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. நல்ல பொருள்.

பாடுகிறவர்களின் குரலுக்கு மெருகேற்ற ரெஸ்டாரண்டில் ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். சுருதியைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் அதில் வழி உண்டு. மேடையில் அண்ணாவின் காலடியில் அவருக்கென்று ஒரு ஸ்பீக்கர் இருந்தது. டிரம்ஸ் சத்தத்தில் அவர் தன் வாசிப்பைக் கேட்பது அதில்தான். அந்த ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை மட்டும் பெட்டி வழியாக விட்டு, ஒரு மயிரிழை ஏற்றினேன். இரண்டாவது பாட்டுக்கு மேல்தான். தன் ஒலி ஏறி நிற்பதாக அவர் காது சொன்னது, விரலை இறக்கி வைத்தார். அவருக்குச் சரியாகிவிட்டது. சபைக்குச் சுருதி இறங்கிவிட்டது.

"ஜம்பு தா, ஏக்டு லோ ஹொச்சே" என்றார் தேபு தா, இடைவேளையில். ஜம்பு அண்ணா, கொஞ்சம் இறங்குகிறது என்று.

அண்ணா உடனே என்னிடம் வந்தார். பழையபடி வந்தார். "பிக்கப்பைப் பாரேன்" என்றார். பார்த்தேன். அப்போதுதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷமாக எது தவறினாலும் பழியைப் பிக்கப் வாங்கிக்கொண்டது. அந்த ஓட்டை வில்லைதான் அவருக்குக் குடையாக இருந்திருக்கிறது. இப்போது அது கெடாத பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பழி போய் நிற்க அவரைத் தவிர வேறு இடமில்லை.

"குதிரைல பழுதில்லே அண்ணா" என்றேன். அது உண்மை. அன்றைக்கும் அதற்குப் பிறகும் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பாய். நிறுத்தினேன். அடுத்த சில நாட்கள் அவர் சரியாக வாசித்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் மறுபடி. தினமும் செய்தேன் என்று நினைக்காதே. தினமும் செய்தால் காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய வயர் எப்படிப் போய்ப் போய் வந்ததோ அப்படித்தான். எதையும் நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் ஆக்குவது அந்த மாதிரிப் பழுதுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தேபு தா கெட்ட எண்ணமில்லாமல் ஒருநாள் சபையிலிருந்து டேப் எடுத்துக் கொடுத்தார். அண்ணா அதை வீட்டில் போட்டுக் கேட்டார். நீயும் உன் அம்மாவும் பக்கத்தில் இருந்தீர்கள். சுருதி இறங்கித்தான் இருந்தது. அதற்குப் பிறகு, வீட்டில் ஆம்ப் இல்லாமல் சாதகம் பண்ணும்போது தன் காதை நம்பாமல் விரலை ஏற்றி வைத்தார், அங்கே ஏறிப்போயிற்று. அது என் வேலையில்லை. அந்த வீட்டில் எந்தப் பெட்டியும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் மேடைக்குப் பின்னால், பாஸை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகெல்லாம் வியர்வை. "சீதா, மத்தவா எல்லாம் மரியாதைக்குப் பேசறா. நீ நெஜத்தைச் சொல்லு. எனக்குக் காது போயிடுத்தா?"

"எறங்கித்தான் கேக்கறது அண்ணா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவரை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. பெட்டியை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எடுத்தால் அவர் தில்லி போய்விடுவார், அங்கே அந்தப் பையன் இருக்கிறான். என்னால் என்ன செய்ய முடியும், சொல்லு. நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தில்லிக்குக் கடிதம் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் மேடையையும் விட்டார். பாஸைக் கொடுத்துவிட்டார். காது டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றும் இல்லை என்றார். அது அவரை இன்னும் உடைத்துவிட்டது. காதில் இல்லையென்றால் மூளையில் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் நீ பார்த்தது. குக்கர் விசில் அடித்ததா என்று உன் அம்மாவிடம் கேட்பார். ஆபீஸில் மேலதிகாரி சொன்னது ஒன்று, தான் கேட்டது வேறோ என்று பயந்து பயந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். உன் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் ஏதோ சொன்னாரே, அதைக்கூட வெளியே வந்து என்னிடம்தான் கேட்டார்: "சுலோ என்ன சொன்னா, சீதா? நான் கேட்டது சரிதானா?" நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் சொல்ல முடிந்தது. நான் இல்லாமலிருந்தால் அவர் கதி என்ன என்று யோசித்துப் பார்.

நீ சால்ட் லேக்கில் வேலை, ஃப்ளாட் என்று போன பிறகு அவரைக் கவனித்துக்கொண்டது யார்? கரியாஹாட் முனையில் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நிச்சயமில்லாமல் நடைபாதையிலேயே நின்றுவிடுவார். நான் கையைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு கூட வருவார். காய்கறிக்காரன் சொன்ன விலையை நான் மறுபடி சொல்ல வேண்டும். இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிறேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று உங்கள் பக்கத்து வீட்டு போஸ் மாஷிமாவே சொல்லியிருக்கிறார்.

ரெஸ்டாரண்டைப் புதுப்பித்தபோது அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. புதிதாக வந்த ஆள், பாடுகிறவர்களின் பெட்டி எதற்காகப் பாஸ் ஸ்பீக்கருக்குப் போகிறது என்று தேபு தாவிடம் கேட்டிருக்கிறான், தேபு தா உன்னிடம் வந்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. செய்தது நான்தான். ஜம்பு அண்ணாவுக்குக் காதிலும் ஒன்றுமில்லை, மூளையிலும் ஒன்றுமில்லை, ஒருநாளும் இருந்ததில்லை. எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் அவரிடம் வந்து சொல்லச் சொல்லாதே. நேற்று நீ எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ மருந்துக் கடைக்குப் போன சமயத்தில் எனக்குப் போன் செய்தார்.

"சீதா, அனு என்னமோ சொல்றா. நீதான் என் காதைக் கெடுத்தேன்னு சொன்ன மாதிரி எனக்குக் கேட்டுது. பெத்த பொண்ணு அப்படிச் சொல்லுவாளா? நான் சரியாத்தான் கேட்டேனா?"

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. காத்துக்கொண்டிருந்தார்.

"தப்பாக் கேட்டிருக்கேள் அண்ணா" என்றேன்.

எவ்வளவு ஆறுதலாக மூச்சு விட்டார் தெரியுமா, அனு. அந்த ஆறுதலை உன்னால் அவருக்குக் கொடுக்க முடியாது. நான் இருக்கிறேன், நான் கொடுப்பேன்.