ஜன்னலுக்குக் கீழே தட்டிப் பார்த்தவருக்கு

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரியவரே! கம்பிக்கும் கலவைக்கும் கண்ணாக நின்ற காவலரே! செங்கல்லில் தொடங்கி, சிமெண்டில் வளர்ந்து, கடைசியில் பிளாஸ்டிக்கையும் பணிய வைத்த பெருமகனே! முப்பத்தோரு ஆண்டுக் காலம் வெயிலைத் தலையில் கட்டிய துண்டாகச் சுமந்து, இன்று பணி ஓய்வு பெறும் சைட் சூப்பர்வைசர், சாத்தூர் காதர் பாட்சா அவர்களே! வணக்கம்!

புகழ்ந்தால் பாதியில் எழுந்து போகிறவர் நீங்கள். இன்று எழ மாட்டீர்கள் என்று உங்கள் துணைவியார் ஆசியா பீவி அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தத் துணிவில் வாசிக்கிறோம்.

விருதுநகரில் நீங்கள் எழுப்பிய சரக்குக் கிட்டங்கிகள் எத்தனை, தாயில்பட்டிப் பக்கம் கட்டிய வீடுகள் எத்தனை என்று எண்ணினால் இந்த மேடை போதாது. ஆகவே ஒரே ஒரு கட்டடத்தைச் சொல்கிறோம். சிவகாசிச் சாலையில் உள்ள மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு.

2004-இல் அந்தப் பிளாஸ்டிக் பலகைகள் லாரியில் வந்து இறங்கியபோது நாங்கள் சிரித்தோம். உள்ளே வெறும் கூடு. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றைச் செருகி நிறுத்த வேண்டும், உள்ளே கம்பி கோக்க வேண்டும், மேலிருந்து கான்கிரீட் ஊற்ற வேண்டும். இறுகிய பிறகு பலகையைக் கழற்றுவதில்லை. அதுவே சுவரின் தோல். பூச்சு இல்லை, வெள்ளையடிப்பு இல்லை. “டிபன் டப்பாவுக்குள்ள சோறு அடைக்கிற மாதிரியில்ல இருக்கு” என்றார் நம் கொத்தனார் கருத்தப்பாண்டி. முதல் சுவரை ஊற்றிய மறுநாள், பழக்க தோஷத்தில், அதன் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவரும் அவரே.

நீங்கள் கேட்டீர்கள்: “ஏலே பாண்டி, மழைக்கோட்டு போட்டவன் மேல தண்ணி ஊத்துறியே, உள்ள நனையுமா?”

மருத்துவமனைக்கு அந்தச் சுவர் ஏன் வேண்டும் என்பதை எங்களுக்கு உரைத்தவரும் நீங்களே. தீக்காயத்தில் தூசி விழக் கூடாது. சுண்ணாம்பு உதிர்கிற சுவர் ஆகாது. காலையும் மாலையும் மருந்துத் தண்ணீரால் கழுவித் துடைக்கிற சுவர்தான் ஆகும். தீபாவளி ஆர்டர் சூடு பிடிக்கும் முன் அது திறந்தாக வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. பட்டாசுக் கம்பெனி வேன்கள் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் வேலைக்குப் போகும் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

2005, ஆவணி. திறப்பு விழாவுக்கு நான்கே நாள். மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் நெஞ்சு உயரத்தில் பத்து இடங்களில் தட்டிப் பார்த்தார். எல்லா இடமும் கெட்டியாக ஒலித்தது. ஒப்புதல் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் நீங்கள் மூன்றாம் ஜன்னலுக்குக் கீழே முழங்காலிட்டுத் தட்டினீர்கள்.

“சார், கையெழுத்து போடாதீக. இங்கன பொள்ளலாக் கேக்குது.”

மருத்துவமனைச் செயலாளர் ஊர்க்காவலன் ஐயா பதறிவிட்டார். “பாய், விளையாடுறீகளா? நாலு கலர்ல பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு!”

கருத்தப்பாண்டி உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். “பாய், சும்மா இருங்க. மேலதான் பிளாஸ்டிக் மூடியிருக்கே, யாருக்குத் தெரியப் போகுது?” இதை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் அவரே.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. “மூடியிருக்கதுனாலதாம்லே நாம சொல்லணும். கழுவுற தண்ணி நாளைக்கு ஆணி அடிக்கிற ஓட்டை வழியா உள்ள போயி தங்குனா, அது அம்புட்டும் நாறிப் போகும். இதுல சாய்ஞ்சு படுக்கப் போறது தோல் உரிஞ்ச புள்ளைக.” பிறகு இன்ஜினியரிடம் திரும்பினீர்கள். “நான் நின்னு ஊத்துன சுவரு சார். குத்தம் என்னோடது.”

பலகையை அறுத்துப் பார்த்தோம். ஒரு கை முட்டி நுழையும் அளவுக்கு வெற்றிடம். ஜன்னலுக்குச் செருகிய சட்டம் வழியை மறிக்க, கலவை அதன் அடிக்குப் போய்ச் சேரவே இல்லை. எட்டு ஜன்னல்களில் மூன்றில் அதே கதை. உங்கள் வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள் என்று ஆசியா பீவி அம்மா பின்னர் சொன்னார்.

அந்த நான்கு நாளும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பொடி ஜல்லிக் கலவையை அடைத்து, இடித்து, இறுக்கி, மேலே புதுப் பலகைத் துண்டு ஒட்டி, ஒவ்வொரு அங்குலமும் தட்டிக் கேட்டோம். வந்தவாசியிலிருந்து தனியாக வந்து சிமெண்டுக் கொட்டகையே வீடென்று கிடந்த ஸ்டோர் கிளார்க் உட்பட அத்தனை பேருக்கும் அம்மா அண்டாவில் சோறு கொடுத்தனுப்பினார். அந்தக் கிளார்க்தான் இம்மடலை எழுதுகிறார்; அவருக்கு அந்த ருசி இன்னும் மறக்கவில்லை.

குறித்த நாளில், குறித்த நேரத்தில், திறந்தது கட்டடம்! வேலை போகவில்லை, மாறாக, இன்ஜினியர் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்!

அடுத்த சைட்டிலிருந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே பலகையில் ஒரு விரல் ஓட்டை போட வைத்தீர்கள். அதன் வழியாகச் சிமெண்டுப் பால் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. இன்று கம்பெனியில் அது சட்டம். சட்டத்தில் உங்கள் பெயர் இல்லை. மருத்துவமனை வாசல் கல்வெட்டிலும் இல்லை; அதில் நன்கொடையாளர்கள் மட்டும் வரிசையாக இருக்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளாக இருவேளையும் அந்தச் சுவர்களைக் கழுவுகிறார்கள். ஒரு சொட்டுக்கூட உள்ளே போனதில்லை என்று தலைமைச் செவிலியர் எங்களிடம் சொன்னார். அந்தச் சுவர் ஓரம் படுத்துக் கிடந்து, தோல் கூடி, எழுந்து, வீட்டுக்கு நடந்தே போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை உங்களுக்குத் தெரியாது. உங்களை அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கல்லில் இல்லாததை இந்தத் தாளில் எழுதி, கண்ணாடிச் சட்டமிட்டுக் கையில் தருகிறோம்: அந்தச் சுவரைக் கட்டியவர் காதர் பாட்சா!

நீங்களும் அம்மாவும் நோய் நொடி அண்டாமல், மக்கள், பேரப்பிள்ளைகள் சூழ, நூறாண்டு வாழ வேண்டும்! எங்கே எந்தச் சுவரைத் தட்டினாலும் அது கெட்டியாகவே ஒலிக்க வேண்டும்!

இங்ஙனம்,
கருத்தப்பாண்டியும்,
உங்களோடு அந்த நான்கு நாள் வீட்டுக்குப் போகாதவர்களும்,
கம்பெனியின் மற்றப் பணியாளர்களும்.

விருதுநகர்,
30.6.2009