பெயர், உயரம், மரம்

வளாக இயக்குநர் முனைவர் பிரியதர்ஷினி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காந்தா அம்மா அவர்களே, மலை ஊர்களிலிருந்தும் போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, என் அன்புக்குரிய கூடைப்பந்து வீரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் ஜீவானந்தம். நம் பல்கலைக்கழகத்தின் இந்த மலை வளாகத்தில் ஆடவர் கூடைப்பந்து அணியின் முதல் பயிற்சியாளர். மூன்றே ஆண்டு இருந்தேன். எனக்குப் பின் வந்தவர் இருபத்திரண்டு ஆண்டு இருந்தார். அவர்தான் பத்து நாளுக்கு முன் மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்த பயிற்சியாளர் சின்னராசு அவர்கள். இந்த அணியின் வரலாறே அவ்வளவுதான்: ஓடிப்போனவன் ஒருவன், நின்றவர் ஒருவர். நின்றவரைப் பற்றிப் பேச ஓடிப்போனவனை அழைத்திருக்கிறீர்கள்.

ஏன் ஓடினேன்? மண்டலப் போட்டி ஆண்டுதோறும் பிப்ரவரியில் வேலூரில் நடக்கும். மலையில் புளி உலுக்குவதும் அப்போதுதான். பையன்கள் பந்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் ஆண்டு நான்கே பேரோடு வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஐந்து பேர் இல்லாமல் எந்த நடுவர் ஆட்டத்தைத் தொடங்குவார்? ஒரு பந்துகூடத் தொடாமல் தோற்றோம். திரும்பி வந்து ராஜினாமா எழுதினேன். ‘இந்த மலையில் கூடைப்பந்து நடக்காது’ என்று அதில் ஒரு வரி வேறு சேர்த்தேன். அந்த வரிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்தார் சின்னராசு. இந்த மலைக்காரர், வாலிபால் ஆடியவர். ஆட்ட வியூகங்களை நான் வரைந்து வைத்திருந்த நோட்டை நீட்டினேன். அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“சார், எந்தப் பையன் வூட்டுல எத்தினி புளியமரம் இருக்குதுங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உங்களுக்கு டீம் வேணுமா, தோப்பு வேணுமா?” என்றேன்.

“இங்க ரெண்டும் ஒண்ணுதாங்க சார்.”

அன்று மாலையே அணியின் ரிஜிஸ்டரில் பெயர், உயரம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவது கட்டம் ஒன்று போட்டார். தலைப்பு: மரம். அர்ச்சுனன், ஆறடி ஒன்று, மரம் நான்கு. வேறு எந்தப் பல்கலைக்கழகத்தில் இப்படியொரு ரிஜிஸ்டர் இருக்கிறது?

அந்த அர்ச்சுனனின் தாயார் ஜெயம்மாள் இங்கே வந்திருக்கிறார். “பையனை நீ கூட்டிட்டுப் போய்ட்டா மரத்தை யாரு உலுக்குறது?” என்று அடுத்த புளிப் பருவத்தில் சின்னராசுவை வாசலிலேயே நிறுத்திக் கேட்டவர் அவர்.

“நாங்க பன்னெண்டு பேரும் வர்றோம்மா,” என்றார் சின்னராசு.

மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார்கள். முதலில் மரம் ஏறியவர் பயிற்சியாளர். ஒரு வாரத்து வேலை ஒரே நாளில் முடிந்தது. அடுத்த நாள் அடுத்த பையன் வீடு. சாயங்காலம் சாமை அடிக்கிற களத்தில் பயிற்சி. மூங்கில் கூடையை அடி பிரித்துக் கிளையில் கட்டிவிட்டார். “புளி போடுற கூடையில பந்தைப் போடுறானுங்க, இன்னா வாத்தியாரு இவரு?” என்று ஜெயம்மாள் திட்டியது மலைக்கே தெரியும். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், சின்னராசுவுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பிடிக்காது.

அந்த ஆண்டு பன்னிரண்டு பேரும் வேலூருக்கு வந்தார்கள். கை முழுக்கச் சிராய்ப்பு. முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஆனால் ஆடித் தோற்றார்கள். மூன்றாம் ஆண்டு யாரைத் தோற்கடித்தார்கள்? வேறொரு பல்கலைக்கழகத்தில் நான் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்த அணியை, இரண்டே புள்ளியில். ஆட்டம் முடிந்ததும் சின்னராசு ஒரு பொட்டலத்தோடு வந்தார். “அர்ச்சுனன் வூட்டுப் புளிங்க சார். ரசத்துக்கு நல்லாருக்கும்.” ஓராண்டு முழுவதும் அந்த ரசத்தைக் குடித்தேன். குடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு புள்ளியும் ஞாபகம் வந்தது.

இனி நம் முன் இருக்கும் கேள்வி. வருகிற வெள்ளிக்கிழமை போட்டி. பயிற்சியாளர் இல்லை. “இந்த வருசம் வேணாங்க சார். அவரு இல்லாம எப்படிப் போறது?” என்று அணித்தலைவர் இளவரசன் நேற்று என்னிடம் கலங்கினார். விலகல் கடிதமும் எழுதிவிட்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை. அப்படியொரு கடிதம் எழுதியவன் நான். அது எத்தனை ஆண்டு உறுத்தும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று மாலை சின்னராசுவின் துணைவியார் காந்தா அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் இரண்டு புளியமரங்கள், பழம் அப்படியே தொங்குகிறது. அவர் சொன்னார்: “வருசா வருசம் நம்ம மரம்தாங்க கடைசி. இந்த வருசமும் பன்னெண்டு பசங்க வூட்டுதும் முடிச்சிட்டு வந்துதான் படுத்தாரு. காலைல எழுந்திரிக்கல. நம்மளுது மட்டும் நின்னுபோச்சு.”

கேட்டீர்களா, வீரர்களே? உங்கள் பன்னிரண்டு பேரையும் வேலூருக்கு விடுவித்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். அதற்குப் பிறகும் போகாமல் இருப்பீர்களா?

இன்று காலை ரிஜிஸ்டரை வாங்கிப் பதின்மூன்றாவது வரியை நானே எழுதினேன். சின்னராசு, ஐந்தடி ஐந்து, மரம் இரண்டு. இயக்குநர் அம்மா அனுமதித்தால் வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் பெஞ்சில் நான் உட்காருகிறேன். நான்கு பேரோடு போன ஊருக்குப் பன்னிரண்டு பேரோடு போக எனக்கும் ஆசை இருக்கிறது. சின்னராசு போட்ட அந்தக் கட்டம் இந்த அணி இருக்கும்வரை இருக்கும், இது என் உறுதி.

நாளைக் காலை ஆறு மணிக்குக் காந்தா அம்மா வீட்டு வாசலில் எல்லோரும் இருக்க வேண்டும். அறுபத்தேழு வயதில் நான் மரம் ஏறமாட்டேன். கீழே தார்ப்பாய் பிடிப்பேன். தம்பி இளவரசா, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. வரும்போது பந்தை எடுத்து வா.