வண்டி நிக்கட்டும்

உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகும் பேருந்து. என் முன்சீட்டில் ஒரு பெண், பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இவருக்கு என் பேரு வரலக்கா. ஆனா பஸ்ஸுல ஏத்திட்டா ஸ்டாப் பேரெல்லாம் வரிசையா வருது.”

சன்னலோரம் அவள் கணவர். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

“அதெப்படித்தா?”

“மூளையில இடது பக்கம் அடைப்பு. பேச்சு அங்கதான் இருக்காம். தினமும் சொல்லிப் பழகுனது மட்டும் வேற எடத்துலயும் தங்கியிருக்குமாம், டாக்டர் சொன்னாரு. அம்புட்டு வருசம் கண்டக்டரு! அந்த வேலையைத்தான் கும்பிடணும்க்கா.”

எழுமலை வந்தது. பேருந்து நிற்பதற்குள் அவள் எழுந்தாள்.

“வண்டி நிக்கட்டும்மா, அப்புறம் எந்திரி!” என்றார் கணவர், கணீரென்று.

“சரிங்க” என்று உட்கார்ந்தவள், வண்டி நின்ற பிறகும் எழவில்லை.