முட்டை அட்டையில் இருந்த டேப்பட்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டில் ஒரு மெக்கானிக்கும் அவர் மனைவியும்.

"முட்டை அட்டையில இஞ்சின் சாமானை வெச்சா நான் என்னத்தைக் கண்டேனுங்க? எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டிட்டேன்."

"அது வால்வைத் தூக்கிவிடற டேப்பட்டு, புள்ள. ஒவ்வொண்ணும் அதது குழியில தேஞ்சு பழகினது. இடம் மாத்திப் போட்டா இஞ்சினே போயிரும்."

என் காரும் கொழிஞ்சாம்பாறையில் ஏதோ ஒரு பட்டறையில்தான் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கிறது. கொண்டுபோய் விட்டது மச்சான். பட்டறைக்காரர் முகம்கூட எனக்குத் தெரியாது. சட்டியில் கிடப்பது என் டேப்பட்டேதான் என்று முடிவுகட்டி, காரை மனதுக்குள் எடைக்குப் போட்டு, மச்சானோடு பேச்சுவார்த்தையையும் முறித்துக்கொண்டேன்.

"வண்டிக்காரருக்கு என்னங்க சொல்றது?" அந்தம்மாவின் குரல் கம்மியது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நேத்தே எண்ணெயில ஊறவெச்சு அமுக்கிப் பார்த்தேன். கல்லாட்டம் நிக்கோணும், அத்தனையும் பஞ்சாட்டம் உள்ள போகுது. நீ கொட்டாட்டியும் பொள்ளாச்சியில புதுசுதான் வாங்கோணும்."

"அப்பறம் எதுக்குங்க இவ்வளவு நேரம் என்னைய அழுக வெச்சீங்க?"

"நீ என்னைய வையாம இருந்ததே இன்னிக்குத்தான். கொஞ்சம் அனுபவிச்சுக்கிட்டேன்."

பொத்தென்று ஓர் அடி விழும் சத்தம் கேட்டது; முதுகாக இருக்கும்.

"ஜீப்பு இன்னிக்கே ரெடியாயிருமுங்களா?" என்றார் அந்தம்மா.

ஜீப்பு. என்னுடையது கார். மச்சானை மன்னித்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, இறங்க வேண்டிய ஊர் எப்போதோ போயிருந்தது.