கலையரங்கத்தின் போர்டிகோ விழுந்தது பற்றிப் பெரிய மருமகள் கூறியது

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு வயது நாற்பத்தொன்று. பல்கலைக்கழகத்தின் கட்டடப் பிரிவில் உதவிப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் மாமியாரும் இருக்கிறோம். மாடியில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, நான் இருக்கும் அதே பிரிவில் அதே பதவியில் இருக்கிறாள். வீடு இரண்டு தளமானாலும் சமையல் ஒன்றுதான்.

கட்டடப் பிரிவில் இடம் காலியாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னது நான்தான். நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு பல்கலைக்கழகத்தில் புதிய துறைகள் வந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் சாரம் கட்டி வேலை நடக்க ஆரம்பித்தது. யாருக்கு எந்தக் கட்டடம் என்று பிரித்தபோது தலைமைப் பொறியாளர் புதிய கலையரங்கத்தை அவளுக்குக் கொடுத்தார். பழைய மாணவியர் விடுதியைப் புதுப்பிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். நான் ஏன் என்று கேட்டேன். "பழைய கட்டடத்துக்கு அனுபவம் வேணும்மா, அதனாலதான் உங்ககிட்ட குடுக்கிறேன்" என்றார். அவர் என்னைப் பெருமைப்படுத்துகிறாரா, வாயை அடைக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

விடுதியில் என் வேலை, அடைத்துக்கொண்ட குழாய்களை மாற்றுவதும், ஒழுகும் கழிப்பறைகளை உடைத்துக் கட்டுவதும், உத்தரம் துருப்பிடித்த சமையற்கூடத்தின் கூரையை இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதும் ஆகும். என் வேலை நன்றாக நடந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒழுகாது, அவ்வளவுதான். அவள் வேலை பேருந்தில் போகிறவர்களுக்கும் தெரியும். கலையரங்கத்தின் முன்னால் தலையில் தொப்பியோடு அவள் நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தது. மாமியார் அதை வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "சின்னவ அரங்கம் கட்டுறா" என்பார். "பெரியவ?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "பெரியவ பாத்ரூம் பாத்துக்கிறா" என்பார். என் கணவர் அதற்குச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். என் செருப்பில் சேறு இருந்தால் வாசலிலேயே நிறுத்திக் கத்துகிற மாமியார், அவளுடைய பூட்ஸை எடுத்துப் பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவதை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் எதற்கு என்று காவல் ஆய்வாளர் கேட்டார். உங்களுக்கு அவள்மேல் பொறாமை உண்டா என்று அவர் முதலில் கேட்டதால் சொல்கிறேன். உண்டு. அவள் பேசுவதை வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதுவும் எனக்குப் பொறுக்காது.

விடுதிச் சமையற்கூடத்தின் கூரையைத் தாங்கிப் பிடிக்க இரும்பு முட்டுகள் வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் பல முறை கேட்டேன். இரண்டு கட்டடத்துக்கும் அவர்தான் ஒப்பந்தக்காரர். எல்லாம் கலையரங்கத்தில் இருக்கிறது, அங்கே முடிந்தால்தான் இங்கே என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டார்.

சம்பவம் நடந்த நாளன்று மதியத்துக்கு மேல் துணைவேந்தரும், அரங்கத்துக்கு நன்கொடை கொடுத்தவர்களும் கட்டடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் நான் விடுதியில் இருந்தபோது ஒரு லாரி நிறைய இரும்பு முட்டுகள் வந்தன. இத்தனை நாள் கேட்டும் வராதது இன்று எப்படி வந்தது என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "சின்ன மேடம்தான் உங்களுக்கு அனுப்பச் சொன்னாங்க. அங்க வாசல் அடைச்சுக்கிட்டு நிக்குதாம், வர்றவங்க கார் நுழையணுமாம்" என்றார். முட்டுகளின் தலையில் ஒட்டியிருந்த சிமெண்ட்டில் இன்னும் ஈரம் இருந்தது. அவை கலையரங்கத்துப் போர்டிகோவின் அடியிலிருந்து வந்தவை என்று உடனே தெரிந்துகொண்டேன். அந்தப் போர்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அவளிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பொருள் அது. முட்டு இல்லாமல் போர்டிகோவின் மேல்தளத்துக்கு என்ன ஆகும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு முட்டுகளை இறக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கலையரங்கத்துக்கு நடந்து போனேன். போர்டிகோவின் நடுவில் ஒரு முட்டுக்கூட இல்லை. ஓரமாகச் சில மட்டும் நின்றன. தளம் காயாமல் இருக்க மேலே தேக்கியிருந்த தண்ணீரும் அப்படியே இருந்தது. தூணுக்கும் தளத்துக்கும் சேரும் இடத்தில் நூல் போல ஒரு கீறல் ஓடி, அதன் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஓரகத்தி புது உடை உடுத்திக்கொண்டு பூத்தொட்டிகளை எங்கே வைப்பது என்று வேலையாட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "முட்டுகளை ஏம்மா எடுத்தே? ஸ்லாப் இன்னும் பச்சையா இருக்கு. அங்க பாரு, கீறல் விட்டிருக்கு" என்றேன்.

"பெரிய சார் சொல்லித்தான் எடுத்தேன்க்கா. அவருக்குத் தெரியாதா?" என்று தலைமைப் பொறியாளரைச் சொன்னாள்.

"அவர் காரு நுழையுறதைப் பாக்குறாரு. நீ ஸ்லாபைப் பாரு" என்றேன்.

அதற்கு அவள், பக்கத்தில் ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல், "இன்னைக்கு ஒரு நாளாவது விடுங்கக்கா. உங்களுக்கு என்மேல வயித்தெரிச்சல்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அதை இங்க வந்து கொட்டாதீங்க" என்றாள். பூத்தொட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

நான் தள்ளிப் போய்த் தலைமைப் பொறியாளருக்குப் போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. அதன் பிறகு விடுதிக்குத் திரும்பி வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். மேஸ்திரி டீ வாங்கி வந்து கொடுத்தார். அந்த நேரத்தில் நான் நினைத்தது, கீறல் பெரிதாகட்டும், வருகிறவர்கள் கண்ணில் படட்டும், கூடத்தில் மாட்டிய படத்தை மாமியாரே கழற்றட்டும் என்பதுதான். தளம் விழும் என்றோ, விழ வேண்டும் என்றோ நினைக்கவில்லை. அவள் தலை குனிய வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போது விடுதி வாசலைத் தாண்டி ஒரு வாடகைக் கார் கலையரங்கத்துப் பக்கம் போனது. பின் இருக்கையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் வரப்போவது எனக்குத் தெரியாது. ஓரகத்தி கூப்பிட்டிருக்கிறாள். நான் இத்தனை வருடம் அந்த வளாகத்தில் வேலை பார்த்தும் என் மாமியார் ஒரு நாளும் என் வேலையிடத்துக்கு வந்ததில்லை. விடுதி வாசலில் கார் வேகம்கூடக் குறைக்கவில்லை. அதே நேரத்தில், இறங்கியதும் அவர் எங்கே போய் நிற்பார் என்பதும் எனக்குத் தெரிந்தது. போர்டிகோவுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

அதன் பிறகு லாரியைத் திருப்பச் சொல்லி ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மேஸ்திரியும் விடுதி ஆட்கள் சிலரும் பின்னால் ஏறினார்கள். கலையரங்கத்தில் இறங்கியபோது மாமியார் நான் நினைத்த இடத்திலேயே கைப்பையை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஓரகத்தி அவருக்கு மேலே கையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி நான் சொல்வதற்கு முன்பே ஒரு முட்டுக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே நிறுத்தப் பார்த்தார். நான் மாமியாரின் கையைப் பிடித்து, "அத்தை, வெளியே வாங்க" என்றேன்.

"எதுக்குடி இழுக்குறே? இப்பதான் வந்தேன், பாக்க விடு" என்றார். நான் விடவில்லை. அவர் என் மணிக்கட்டில் அடித்தார். இரண்டு கையாலும் பிடித்துச் சாலை வரைக்கும் இழுத்தேன். அவர் கைப்பை கீழே விழுந்தது. ஓரகத்தி கோபமாக, "எல்லார் முன்னாடியும் என்னக்கா பண்றீங்க" என்று கேட்டுக்கொண்டே எங்கள் பின்னால் வந்தாள். அவள் வெளியே வந்ததற்கு அந்தக் கோபம்தான் காரணம். மேஸ்திரியைப் பார்த்து, விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கத்தினேன். அவர் கம்பத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார். அப்போது தளம் நடுவில் மடிந்து கீழே வந்தது.

சத்தத்தைவிட மேலே தேங்கியிருந்த தண்ணீர் எங்கள்மேல் அடித்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. புழுதி அடங்கியபோது மேஸ்திரி வெளியே கிடந்தார், இடது கால் மட்டும் உள்ளே இருந்தது. எல்லோரும் சேர்ந்து அதே முட்டுகளைக் கொடுத்து நெம்பி அவரை எடுத்தோம். அவருக்குப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவரை அந்த லாரியில் ஏற்றிக் கலையரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான். அவர் மனைவி மருத்துவமனையில் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்று மாலையே தலைமைப் பொறியாளர், நான் குடும்பப் பகையால் முட்டுகளைக் கேட்காமல் எடுத்துப் போனதாகவும், அவை என் லாரியில் இருந்ததை எல்லோரும் பார்த்ததாகவும் புகார் கொடுத்திருக்கிறார். லாரியில் இருந்தது உண்மை. நான் எடுத்துப் போகவில்லை. என் மாமியாரிடம் விசாரித்தபோது, பெரியவளுக்குச் சின்னவள்மேல் எப்போதும் பொறாமைதான் என்று சொன்னதாக ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதுவும் உண்மைதான். அவரை நான் வெளியே இழுத்ததைப் பற்றி அவர் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். கேட்கப்படாததால் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கூறினார்.

நான் இங்கே வருவதற்கு முந்தின நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது. "அக்கா, நான்தான் முட்டுகளை எடுக்கச் சொன்னேன், நான்தான் உங்களுக்கு அனுப்பினேன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். பெரிய சார் சொன்னதையும் சொல்லிட்டேன். நீங்க வந்து சொன்னீங்க, நான் கேக்கலைன்னும் சொல்லிட்டேன்" என்றாள்.

"வேலை போயிடுமே" என்றேன்.

"மேஸ்திரிக்குக் காலே போயிடுச்சேக்கா" என்றாள். அதன் பிறகு துணியை எடுத்து நான் கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைத்தாள்.

இன்று காலையில் நான் புறப்படும்போது மாமியார் வாசலில் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "சின்னவ எதையும் ஒளிக்காம உண்மையைச் சொல்லிட்டா. அந்த மனசு யாருக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. அவள் சொன்ன உண்மையால்தான் நான் இன்று கைது ஆகாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அப்படி இருந்தும் அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இது வழக்குக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்று ஆய்வாளர் சொன்னார். எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

நான் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்து நடந்தவை. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொல்லவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்