கைப்பிடி இருக்குது

— தூங்காதீங்க மாமா. எத்தனை மூட்டைன்னு கேக்கற எடத்துல மழைன்னு போட்டு, கடைக்கு ஆர்டர் எடுக்கற உங்க சர்வருக்கு அனுப்பியிருக்கறேன்.

— தூங்கல தமிழு. இந்தச் செவ்வாய்ப்பேட்டை மழையும், கீழ குடோன்ல இருந்து வர்ற மஞ்சள் வாசமும், நீ கொண்டாந்த புளிசோறும் சேந்து ஆளைத் தாலாட்டுது. அச்சு அசல் உங்கம்மா கைப்பக்குவம். காலையில அரிசி இருக்குதான்னு கேட்டதுக்கு மொறச்சியே, அந்த மொறப்புக்கூட அவங்களாட்டமேதான்.

— ம். சர்வர் என்ன சொல்லுதுன்னு பாருங்க.

— "மழையை எண்ண முடியாது. மூட்டையை எண்ணில் சொல்லவும்."

— மைனஸ் மூணு.

— "இல்லாததற்கும் கீழே எங்களிடம் மூட்டை இல்லை."

— இப்படியெல்லாமா எழுதி வெப்பாங்க! மொதலாளி படிச்சா சிரிக்கப் போறாரு.

— தப்பாக் கேட்டவனையும் திட்டாமத் திருப்பி அனுப்போணும் தமிழு.

— சரக்குப் பேரு நெலா.

— "நிலா நம் கடையில் இல்லை."

— அட, உழவே மாட்டேங்குதே! நேத்து வரைக்கும் என்ன போட்டாலும் பொத்துனு உழுந்துச்சு.

— இன்னிக்கு நிக்குது. சாயங்காலம் மொதலாளி பாத்துட்டு செரின்னுட்டா, விட்ட வேலையைத் தேடி நான் சென்னைக்குப் போக வேண்டாம். இங்கயே இருந்துக்கலாம். ஞாயித்துக்கெழமையானா மேட்டூர் போய்த் தண்ணியைப் பாத்துட்டு சும்மா ஒக்காந்திருக்கலாம்.

— கனவு அப்பறம். வாங்க அன்புச்செல்வியக்கா, குடோனை விட்டுட்டு மேல வந்திருக்கறீங்க?

— ஏனுங் சாமி, கோயில் அன்னதானத்துக்குன்னு இளம்பிள்ளையில இருந்து ஆளு வந்து நிக்குதுங்க. பச்சரிசி ஒரு மூட்டை தர்றோம்னு உங்க சர்வரு சொல்லிருச்சாமா. அதுதான் காலையிலயே பூரா வெளிய போயிருச்சுங்களே.

— இருப்பு ஒண்ணுன்னு நீங்கதானக்கா போட்டிருக்கறீங்க?

— ஆமாங் தம்பி. சாக்குல ஒரு கைப்பிடி நிறுத்தி வெச்சிருக்கறனுங்க.

— பூஜ்யம்னு போடோணுங்கக்கா.

— வெள்ளிக்கெழமையும் அதுவுமா அரிசியை இல்லைன்னு எழுதறதுங்களா? என்ற கை வராதுங்க. எது ஒழிஞ்சாலும் நான் ஒண்ணுன்னுதான் போடறது.

— நெசமாலுமே ஒரு மூட்டை இருந்தா?

— அதுவும் ஒண்ணுதானுங்க தம்பி. எந்த ஒண்ணு எதுன்னு எனக்குத் தெரியுமல்லங்க!

— மாமா, மழையைத் தடுத்தீங்க. நெலாவைத் தடுத்தீங்க. இந்த ஒண்ணை எப்படித் தடுப்பீங்க?

— தடுக்க முடியாது தமிழு. பாக்கறதுக்கு அத்தனை சரியா இருக்குது. ஏனுங்கக்கா, எண்ணே கேக்காம "கைப்பிடி இருக்குது"ன்னு ஒரு பட்டன் வெச்சுக் குடுத்தா அமுக்குவீங்களா? அதை அமுக்குனா சர்வர் ஆர்டர் எடுக்காது.

— அதுன்னா தாராளமா அமுக்கறனுங்க. கோயில் ஆளுக்கு என்ன சொல்லட்டும்?

— எதுத்த கடையில ஒரு மூட்டை வாங்கிக் குடுங்க. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்.

— செரிங் சாமி, வாரனுங்க.

— என்னங்க மாமா, அக்கா போனதுல இருந்து என்னையே பாக்கறீங்க? பட்டனை எழுதுங்க, சாயங்காலத்துக்குள்ள மறுபடி சோதிக்கோணும்.

— காலையில அரிசி இருக்குதான்னு கேட்டேன்.

— இருக்குதுன்னு சொன்னனே.

— எத்தனைன்னு கேக்காம விட்டுட்டேன் தமிழு. நம்மூட்டுப் பானையில எத்தனை இருக்குது?

— அந்தப் புளிசோறு எங்கம்மாவே கிண்டி, டவுன் பஸ்ஸுல குடுத்துவிட்டதுங்க மாமா.